சின்னான் அழித்த வரி

இருநூற்று நாற்பது என்ற எண்ணைக் கேட்டாலே தவசிக்குக் குமட்டும். ஒருவன் அந்த மில்லில் தொடர்ந்து இருநூற்று நாற்பது நாள் வேலை பார்த்துவிட்டால், என்னை நிரந்தரமாக்கு என்று கேட்க உரிமை வந்துவிடுமாம். அதனால் இருநூற்று முப்பதாம் நாள் வாக்கில் அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பத்து நாள் கழித்துப் புது ஆள் போல விண்ணப்பம் எழுதி வாங்கிக்கொண்டு மறுபடி சேர்ப்பார்கள். அந்த விண்ணப்பத்தில், 'தங்கள் மில்லில் வேலை காலியிருப்பதாகக் கேள்விப்பட்டேன்' என்று எழுத வேண்டும். நேற்றுவரை தான் உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாக இருப்பதை அவன் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டானாம். வெட்கமில்லாத இந்தக் கூத்தைத் தவசி மூன்று முறை ஆடிவிட்டான்.

ஊர் செக்கானூரணிக்கு மேற்கே. பசுமலையில் கணக்குப் பட்டம் வாங்கி, மதுரை டவுனில் ஒரு மாடியறையில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தான். மில் மேனேஜர் அழகுமலை அவன் அம்மா அன்னக்கொடிக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அவர்தான் உள்ளே நுழைத்துவிட்டார். மாமா போட்ட சோறு என்று அம்மா வாரம் ஒருமுறையாவது சொல்லிக்காட்டுவாள். நாகமலைப் பக்கம் ஒரு பெண் வீட்டார், "பையன் பெர்மனெண்ட் ஆகட்டும், அப்புறம் பேசுவோம்" என்று சொல்லிவிட்டுப் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்த ஒரு தாளுக்காக அவன் வீடே வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தது.

திருநகர் தாண்டித் திருமங்கலம் சாலையில் இருந்தது அந்த நூல் மில். எண்பத்தேழில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கண்ணாடி அறை கட்டி ஏ.சி. போட்டார்கள். தூசி போய்விடக் கூடாதென்று செருப்பு, ஷூ எல்லாம் வெளியே. சித்திரை வெயில் ஏறியதும் அதிகாரிகள் ஒவ்வொருவராக ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஷூ வெளியே, சாக்ஸ் உள்ளே. காலையிலிருந்து ஷூவுக்குள் வெந்த சாக்ஸ். ஜன்னல் திறக்க வழியில்லாத அந்த அறையில் அந்த நாற்றத்தைச் சுவாசித்துக்கொண்டுதான் தவசி எட்டு மணி நேரம் வேலை பார்த்தான். பெரிய மனிதர்களின் நாற்றம், மூக்கைக்கூடப் பொத்த முடியாது.

பெட்டி ஒன்றுதான். அதிலிருந்து ஆறு இடங்களுக்குக் கம்பி இழுத்து, திரையும் விசைப்பலகையுமாக ஆறு டெர்மினல் வைத்திருந்தார்கள். கடைசி டெர்மினல் ஒரு பர்லாங் தள்ளி நூல் குடோனில் இருந்தது. குடோனில் லாரி வந்து நின்றால் ஆபீசுக்குச் சொல்ல வழி கிடையாது. உள்தொலைபேசி பாதி நாள் செத்துக் கிடக்கும். ஓர் ஆள் துண்டுச் சீட்டோடு வெயிலில் நடந்து வருவான், பதில் சீட்டோடு நடந்து போவான். அதற்குள் லாரி டிரைவர் மில்லையும் மில்காரன் பரம்பரையையும் நடுத்தெருவுக்கு இழுத்துவிடுவார்.

கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவர் சீதாராமன். யார் வம்புக்கும் போகாத மனிதர். அவர்தான் ஒருநாள் சொன்னார்.

"தவசி, ரெண்டு டெர்மினலும் ஒரே மெஷின்லதானே இருக்கு? அங்கே அடிச்சா இங்கே தெரியற மாதிரி ஒண்ணு எழுதிப் பாரேன். எம்.டி. பாத்தார்னா அந்தச் சந்தோஷத்துலயே உன் பெர்மனெண்ட் ஆர்டர்ல கையெழுத்து வாங்கிடலாம்."

தவசி எழுதினான். சி மொழியில். அதற்குப் புத்தகம் என்று அவனிடம் இருந்தது ஓரமெல்லாம் கறுத்துப்போன ஒரு ஜெராக்ஸ் கட்டுத்தான், நடுவில் பத்துப் பக்கம் இல்லை. சி எதையும் தடுக்காத மொழி. எண்பது எழுத்துக்கு இடம் ஒதுக்கிவிட்டு நூறு எழுத்தை உள்ளே தள்ளினால் ஏன் என்று கேட்காது. பக்கத்து இடத்தில் கொட்டிவிட்டு, சம்பந்தமில்லாத வேறோர் இடத்தில் புரோகிராமே நின்று விழும். இரண்டு டெர்மினலுக்கும் நடுவே அவன் இரண்டு குழாய் அமைத்தான், போக ஒன்று, வர ஒன்று. ஒருவர் அடிப்பதை ஒரு முனையில் ஊற்றினால் மறுமுனையில் இன்னொருவர் திரையில் விழ வேண்டும். மறுமுனையை ஆள் திறக்காவிட்டால் இந்த முனை அப்படியே நின்றுவிடும். அதைச் சரிசெய்யவே பதினைந்து நாள். பாதியில் புரோகிராம் விழுந்தால் டெர்மினலும் செத்த மாதிரி ஆகிவிடும், எந்த விசையைத் தட்டினாலும் திரையில் ஒன்றும் வராது. விற்பனைப் பிரிவில் இரண்டாம் முறை இப்படி ஆனபோது டெர்மினல் தலையில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டார்கள். தவசி அதை எடுத்து எறிந்தான். மறுநாள் வேறொன்று இருந்தது.

பரிசோதனைக்கு மறுமுனையில் உட்கார்ந்தவர் குடோன் கிளார்க் சின்னான். கொட்டாம்பட்டிக்காரர், நாற்பத்தைந்து வயது, அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. இருபது வருஷ சர்வீஸ். மில்லில் எல்லாரும் நாறிக் கிடந்தார்கள் என்று சொல்ல முடியாமல் செய்தவர் அவர் ஒருவர்தான். முதன்முதலில் இரண்டு திரையும் சரியாகப் பேசிக்கொண்ட அன்று, இங்கிலீஷ் எழுத்திலேயே தமிழை அடித்து, 'தம்பி சாப்டாச்சா' என்று கேட்டார். தவசி ஏ.சி. அறையில் தனியாக உட்கார்ந்து சிரித்தான். அந்த மில்லில் அவன் சந்தோஷமாகச் சிரித்தது அன்று ஒருநாள்தான்.

குடோனில் ஒரு வழக்கம் உண்டு. எதையும் முதலில் பென்சிலில் எழுதுவார்கள். அதிகாரி என்ன சொல்வாரோ என்று யோசித்துப் பார்த்து, ரப்பரால் அழித்துவிட்டு, பிறகு மையில் எழுதுவார்கள். சின்னானுக்கு அது ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. டெர்மினலிலும் மனதில் இருப்பதை முதலில் அப்படியே அடிப்பார். பிறகு அழித்துவிட்டு, ஆபீஸ் இங்கிலீஷில் மரியாதையாக அடிப்பார்.

"தப்பா அடிச்சா அங்கிட்டு ஒக்காந்திருக்கவுகளுக்குத் தெரிஞ்சிருமா தம்பி?" என்று ஆரம்பத்திலேயே கேட்டார்.

"தெரியாதுண்ணே. இந்த ரிட்டர்ன் கட்டையத் தட்டுனாத்தேன் போகும். அதுவரைக்கும் என்ன வேணாலும் அடிங்க, அழிங்க. உங்களத் தவிர யாருக்கும் தெரியாது" என்றான் தவசி.

உண்மைதான். அன்றைக்கு அது உண்மைதான்.

ஆறு டெர்மினலிலும் அதைப் போட்டான். பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எச்சில் துப்பத் தோன்றும். ஒரு வாரம்கூட ஆகவில்லை, கணக்குப் பிரிவு அதிகாரி வெறும் சாக்ஸோடு வந்து நின்று கத்தினார்.

"குடோன்ல ஒக்காந்திருக்கவன் கட்டையத் தட்டுனா எனக்கு இங்க மணி அடிக்கிது. அவன் கூப்புட்டா நான் ஓடிப்போயி ஒக்காரணுமா? நான் என்ன அவனுக்குப் பியூனா?"

விற்பனை அதிகாரிக்கு வேறு குறை. திரையில் தன் பெயரும் கிளார்க் பெயரும் ஒரே அளவு எழுத்தில் வருகிறதாம். இன்னொருவர், குழாய் எல்லாருக்கும் ஒன்றுதானா, எனக்குத் தனியா என்று கேட்டார். படித்த மனிதர்கள். பேசுவதற்கு ஒரு வழி கிடைத்தால் என்ன பேசலாம் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. யார் யாரைக் கூப்பிடக் கூடாது என்றுதான் யோசித்தார்கள்.

சீதாராமன் வழக்கம்போல, "செஞ்சு குடுத்துடுப்பா, நமக்கெதுக்கு வம்பு" என்றார். தவசி ஒவ்வொரு டெர்மினலுக்கும் ஒரு தரம் கொடுத்தான். எம்.டி.க்கு ஒன்று, குடோனுக்கு ஆறு. மேலே இருப்பவர் கீழே கூப்பிடலாம். கீழே இருப்பவர் மேலே கூப்பிட்டால் 'அனுமதி இல்லை' என்று வரும். லாரி வந்து நிற்பதை ஆபீசுக்குச் சொல்லத்தான் இதை எழுதவே ஆரம்பித்தார்கள் என்பது யாருக்கும் நினைவில் இல்லை. மறுவாரமே துண்டுச் சீட்டோடு ஆள் வெயிலில் நடந்து வந்தான். கம்ப்யூட்டர் அறைக்கண்ணாடி வழியாகத் தவசி அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தான். தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டலாம் போலிருந்தது.

எம்.டி. பார்க்கும்போது இன்னும் நன்றாக இருக்கட்டும் என்று அவன் புதிதாக ஒன்றை முயன்றுகொண்டிருந்தான். வரி முடியும்வரை காத்திருக்காமல், அடிக்க அடிக்கவே எழுத்தெழுத்தாக மறுமுனையில் விழச் செய்வது. எதிரே உட்கார்ந்து பேசுவது போலவே இருக்கும் என்று ஆசைப்பட்டான். கண்ணாடி அறையில் இரண்டு டெர்மினலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தபோது மேனேஜர் அழகுமலை பின்னால் வந்து நின்றார். அந்த அறையில் துப்ப முடியாது என்பதால் வெற்றிலைச் சாற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டுதான் பேசுவார். சொல்லோடு சேர்ந்து சாறும் உள்ளே புரளும்.

தவசி ஒரு சொல்லைத் தப்பாக அடித்து அழித்தான். பக்கத்துத் திரையிலும் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தோன்றி ஒவ்வொன்றாக மறைந்தன.

"அழிக்கிறதுமா தெரியிது?" என்றார் அழகுமலை.

"ஆமா சார்."

விரலை நீட்டித் திரையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு குனிந்தார். சுண்ணாம்பு வாடை காதருகே வந்தது.

"மாப்ள, ஒண்ணு செய்யி. எனக்குக் கீழ உள்ளவன் அடிக்கிறது இப்பிடி எழுத்தெழுத்தா எனக்கு வரட்டும். நான் அடிக்கிறது பழைய மாதிரியே இருக்கட்டும். நான் முடிச்சு அனுப்புனாத்தேன் அவனுக்குத் தெரியணும்."

"அப்ப அவங்ககிட்டச் சொல்லிரணும் சார்."

"எதுக்குச் சொல்லணும்? சொன்னா அவன் யோசிச்சுல்ல அடிப்பான். அவன் யோசிக்கிறதப் பாக்கத்தானய்யா கேக்குறேன்." பிறகு தோளைத் தட்டினார். "ஒன் ஆர்டர் டைப்பாகி என் மேசையிலதேன் கெடக்கு. அடுத்த வாரம் எம்.டி. வாராரு. அத்தையும் மருமகளுமா வீடு நெறையட்டும்டா."

நாலே நாலு வரி. அனுப்புகிறவர் தரம் கீழே இருந்தால் எழுத்தெழுத்தாக, மேலே இருந்தால் வரி வரியாக. அவன் வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் எழுதிவிட்டான். அழிக்கும் விசை முதலில் கோளாறு செய்தது. என்ன நடக்கிறது என்று பார்க்க, அடிக்கிற ஒவ்வொரு எழுத்தும் அழிக்கிற ஒவ்வொரு எழுத்தும் நேரக் குறிப்போடு ஒரு ஃபைலில் பதியும்படி செய்து, கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்தான். அந்த ஃபைலை எடுத்துவிட மறந்துபோனான். கை நடுங்கும், மனசு உறுத்தும், அப்போது நிறுத்திவிடலாம் என்று தவசி தன்னைப் பற்றி ஏதோ நினைத்திருந்தான். கையும் நடுங்கவில்லை, ஒரு மண்ணும் இல்லை.

அன்று சாயங்காலம் மில் வாசல் டீக்கடையில் சின்னான் நின்றார்.

"தம்பி, ஒங்க மெசினு எம்புட்டுத் தோதா இருக்கு தெரியுமா? மனசுல உள்ளத ஒருவாட்டி அடிச்சுப் பாத்துட்டு அழிச்சாப் போதும், பாரம் எறங்கிருது."

தவசி அவருக்கு ஒரு வடை வாங்கிக் கொடுத்தான். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. வடை வாங்கிக் கொடுத்தான், அவ்வளவுதான்.

எம்.டி. வந்தார், பார்த்தார், "பலே" என்றார். அடுத்த திங்கட்கிழமை மில்லில் சரக்கு இருப்புச் சோதனை. நூல் மூட்டைகள் குறைந்தன. சனிக்கிழமை சாயங்காலம் கேட் பாஸ் இல்லாமல் ஒரு லாரி போயிருக்கிறது என்று தெரிந்தது. மத்தியானத்துக்குள் சின்னானை சஸ்பெண்ட் செய்து வெளியே அனுப்பிவிட்டார்கள். லாரிக்காரனோடு கூட்டுச் சேர்ந்துவிட்டான் என்று கேண்டீனில் பேசினார்கள். அவர் கையால் இருபது வருஷம் டீ வாங்கிக் குடித்த வாய்கள்.

தவசிக்கு அப்போதுதான் அந்த ஃபைல் நினைவுக்கு வந்தது. திறந்தான்.

திங்கள் காலை பத்து மணி இருபது நிமிஷம். மேனேஜர் கேட்கிறார், இங்கிலீஷில்: சனிக்கிழமை லாரியை அனுப்பச் சொன்னது யார்? இரண்டு நிமிஷம் ஒன்றும் இல்லை. பிறகு இங்கிலீஷ் எழுத்தில் சின்னானின் தமிழ்: 'நீங்கதான சார் சொன்னீங்க. நீங்களே கேட்டுல வந்து நின்னு, பாஸ் திங்கக்கெழம போட்டுக்கலாம், வண்டிய விடுன்னு சொன்னீங்கள்ல. வாட்ச்மேனும் பாத்தாரு'. அதற்குப் பிறகு வரிசையாக அழிக்கும் குறிகள். ஓர் எழுத்து விடாமல் கடைசிவரை அழித்திருந்தார். பிறகு ஆபீஸ் இங்கிலீஷ்: 'சார், நான் ரிஜிஸ்டரைப் பார்த்துச் சொல்கிறேன்'. ரிட்டர்ன்.

பென்சிலில் எழுதி அழித்தது போலத்தான் அவர் நினைத்திருப்பார். மறுமுனையில் உட்கார்ந்திருந்தவர் எல்லாவற்றையும் எழுத்தெழுத்தாகப் பார்த்துவிட்டார். இவன் பயந்தவன், ஆனால் வேறு யாராவது கேட்டால் இவன் வாயில் இதுதான் வரும், வாட்ச்மேன் பெயரும் வரும் என்று தெரிந்துகொண்டார். பதினொரு மணிக்கு சஸ்பென்ஷன் கடிதம் டைப்பாகிவிட்டது. மத்தியானம் வாட்ச்மேனுக்கு ஒரு மாத லீவு, சம்பளத்தோடு.

தவசி எழுந்து போய்ச் சீதாராமனைக் கூட்டிவந்து தன் நாற்காலியில் உட்கார வைத்தான். திரையைக் காட்டினான். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இது எதுக்குப்பா இன்னும் இருக்கு? டெஸ்டிங் முடிஞ்சுதோன்னோ? டிஸ்க்ல எடத்த அடைச்சிண்டு."

"சார், சின்னாண்ணன் வேல…"

"நான் இதப் பாக்கல. நீயும் காட்டல." சொல்லிவிட்டு எழுந்து ஷூவைத் தேடிப் போய்விட்டார். அன்று அவர் சாக்ஸில் ஓர் ஓட்டை இருந்தது. தவசிக்கு அதைப் பார்க்கவும் அருவருப்பாக இருந்தது.

வியாழக்கிழமை விசாரணை. டவுனிலிருந்து ஒரு வக்கீலை வரவழைத்திருந்தார்கள். மூன்று நாள் தவசி யோசித்தான் என்று சொல்ல வேண்டும், ஆனால் அது யோசனையே இல்லை. அந்த ஃபைலை எம்.டி. கையில் கொடுத்தால் சின்னானுக்கு வேலை திரும்பக் கிடைக்கும். தனக்கு மில் வாசல் அடைபடும். முதல் நாளே இது தெளிவாகத்தான் இருந்தது. மூன்று நாளும் அவன் செய்ததெல்லாம், கேட்டால் பொய் சொல்ல வேண்டி வருமே என்று கவலைப்பட்டதுதான். பொய் சொல்லக் கூச்சமாம் அவனுக்கு. கடைசியில் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தான். வியாழன் காலை பத்து மணிக்கு அந்த ஃபைலை அழித்தான். அந்த மெஷினை இயக்கும் யூனிக்ஸ், அழிக்கும்போது நிச்சயமா என்று கேட்பதில்லை. பதினொரு மணிக்கு விசாரணை அறைக்குப் போனான்.

சின்னான் வெள்ளைச் சட்டை போட்டு, கை கட்டி நின்றுகொண்டிருந்தார்.

"சார் கேட்டப்ப நான் உண்மையத்தேன் மொதல்ல அடிச்சேன்யா. அப்பறம் பயந்துக்கிட்டு அழிச்சிட்டேன். அது அந்த மெசினுக்குள்ள எங்கிட்டாச்சும் இருக்கும். தவசித் தம்பிதேன் செஞ்சது, அவரக் கேளுங்கய்யா."

வக்கீல் தவசியைப் பார்த்தார். "அழித்தது ஏதாவது அதில் இருக்கிறதா?"

அழகுமலை கன்னத்தை அசைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"இல்ல சார்" என்றான் தவசி. அந்த நேரத்தில் அது சுத்தமான உண்மை. அதைவிட அசிங்கமான ஒரு சொல்லை அவன் அதற்கு முன்பு சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை நிரந்தர உத்தரவு கைக்கு வந்தது. மாமா தோளில் தட்டி, ஒரு பாக்கெட் அல்வாவும் கொடுத்தார். தவசி ஒரு விள்ளல் வாயில் போட்டான், இறங்கவில்லை. துப்பவும் இல்லை. மாமா பார்த்துக்கொண்டிருந்ததால் மென்று விழுங்கினான்.

சனிக்கிழமை சின்னான் மில்லுக்கு வந்தார். வாட்ச்மேன் இடத்தில் புது ஆள். அவன் உள்ளே விடாததால் சின்னான் தவசியை வாசலுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். தவசி சட்டைப் பையில் உத்தரவோடு போனான். கோபமாக இரண்டு வார்த்தை கேட்பார், செருப்பைக்கூடக் கழற்றலாம் என்று நினைத்தான். கழற்றினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான்.

சின்னான் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வெசனப்படாதீங்க தம்பி. மெசினு வச்சிருக்கலேன்னா நீங்க என்ன செய்வீங்க? நாந்தேன் கூறில்லாம ஒங்களையும் அங்க இழுத்துவிட்டுட்டேன்." பிறகு குரலை இறக்கினார். "மேனேஜரு ஐயா ஒரு ஆளுகிட்டச் சொல்லிவிட்டாரு. தப்ப ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்தா, மூட்ட தூக்குற எடத்துலயாச்சும் சேத்துக்கிருவாகளாம். எனக்கு அம்புட்டு இங்கிலீஸ் வராது. நீங்கதேன் ஒண்ணு அடிச்சுக் குடுக்கணும். ஒங்கள விட்டா எனக்கு அங்க யாரு இருக்கா?"

தவசி உள்ளே போய் உட்கார்ந்து அடித்தான். மேனேஜரின் அனுமதி இல்லாமல், என் சொந்த அஜாக்கிரதையால், லாரியை வெளியே விட்டது என் குற்றம். விசாரணையில் மேலதிகாரி மீது பொய் சொன்னதற்கு வருந்துகிறேன். கருணை காட்டி ஏதாவது ஒரு வேலை தந்து என் குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டுகிறேன். எல்லாம் இங்கிலீஷில், தாளின் நடுவில் வர வேண்டியது நடுவிலும், ஓரத்தில் வர வேண்டியது ஓரத்திலுமாக வந்தது. பிரிண்டர் அதை ஒரே இரைச்சலோடு கக்கியது.

வாசலில் நின்று சின்னான் அதை எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தார். படிக்கப் படிக்க முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.

"நானே எழுதியிருந்தாக்கூட என் தப்ப இம்புட்டுத் தெளிவா எழுதியிருக்க மாட்டேன் தம்பி" என்றவர், கையெழுத்துப் போட ஒரு பேனா கேட்டார்.

தவசி தன் பேனாவைத் திறந்து கொடுத்தான்.